துருவில் உறையும் மரம்: பழைய வாட்பிடிகளின் துப்புரவும் வரலாற்றுச் சான்றும்

வாளைப் பற்றிய வரலாற்றாய்வுகள் நெடுங்காலமாக அலகையே முதன்மைப்படுத்தி வந்துள்ளன. எஃகின் தன்மை, அலகின் வளைவு, அதிற் பொறிக்கப்பட்ட கொல்லனின் குறி என்பனவே ஆய்வாளரின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்தன. ஆயின் வாளை ஏந்தியவனின் கை பற்றியது அலகையன்று, பிடியையே. மனிதனும் ஆயுதமும் ஒன்றையொன்று தொடும் இடம் பிடியாகும். அப்பிடி பல நாடுகளிலும் மரத்தினாலோ, மரத்தை உள்ளீடாகக் கொண்டோ செய்யப்பட்டது. மரம் இரும்பினும் விரைவில் அழியும் இயல்புடையது. எனவே வாளின் உறுப்புக்களுள் மனித வாழ்க்கையை மிக நெருக்கமாக அறிவிக்கவல்ல உறுப்பே இன்று மிகக் குறைவாக எஞ்சியுள்ளது.

இவ்விழப்பு முழுவதையும் காலத்தின்மீது சுமத்திவிட முடியாது. மண்ணிலும் மாளிகையிலும் பல நூற்றாண்டுகள் தப்பிப் பிழைத்த பிடிகள் பல, அவற்றைப் பாதுகாக்க முனைந்தோரின் கைகளிலேயே அழிந்தன. துப்புரவு செய்தல் என்ற பெயரால் நிகழ்ந்த இவ்வழிவு எவ்வாறு உணரப்பட்டது, அதிலிருந்து எத்தகைய நெறிகள் பிறந்தன, அந்நெறிகள் இலங்கைக்கு எவ்வகையில் பொருந்தும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிடியின் அமைப்பும் அதன் நோய்களும்

வாளின் அலகு பிடியின் வாயிலோடு முடிந்துவிடுவதில்லை. அது ஒடுங்கிய இரும்புத் தண்டாகப் பிடியினுள் நீண்டு செல்லும். இப்பகுதி இக்கட்டுரையில் அடித்தண்டு எனப்படும். அடித்தண்டைச் சுற்றி மரத்தைப் பொருத்துவதற்கு இரு முறைகள் பரவலாகக் கையாளப்பட்டன. ஒரே மரத்துண்டைத் துளைத்து அதனுள் அடித்தண்டைச் செலுத்துதல் ஒன்று. இரு மரத்துண்டுகளை இருபுறமும் வைத்துத் தறையாணியாலோ பசையாலோ இணைத்தல் மற்றொன்று. இம்மரத்தின்மேல் தோல், திருக்கைமீன் தோல், உலோகக் கம்பி, வெள்ளித் தகடு என்பவற்றுள் ஒன்றோ பலவோ போர்த்தப்படுவதுண்டு.

இவ்வமைப்பிலேயே அழிவின் காரணமும் அடங்கியுள்ளது. காற்றிலுள்ள ஈரம் கூடும்போது மரம் நாரின் குறுக்காக விரியும். ஈரம் குறையும்போது சுருங்கும். உள்ளேயிருக்கும் இரும்பு அவ்வாறு அசைவதில்லை. எனவே உலர்ந்த காலத்தில் மரம் இரும்பை இறுக்கித் தானே வெடிக்கிறது. ஈரமான காலத்தில் அடித்தண்டு துருப்பிடிக்கிறது. துருவின் கனவளவு அது தோன்றிய இரும்பின் கனவளவைவிட மிகக் கூடியதாதலின், அது மரத்தை உள்ளிருந்து பிளக்கிறது. தனின் மிகுந்த மரங்களில் இரும்பு பட்ட இடம் கறுத்துப் போகும். பித்தளை அல்லது செம்பு வளையங்கள் தோலிலுள்ள கொழுப்போடு தாக்கமுற்றுப் பச்சை நிற மெழுகு போன்ற படிவை உண்டாக்கும். கை பட்டுப் பட்டுப் படிந்த வியர்வையும் எண்ணெயும் புகையும் இவற்றோடு சேர்ந்து கொள்ளும்.

இவை யாவும் ‘அழுக்கு’ என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படுவது தவறான முடிவுகளுக்கு வழிவகுத்தது. சேமிப்பறையிற் படிந்த தூசியும், மூன்று தலைமுறையினரின் உள்ளங்கை பதித்த கருமையும் ஒரே தன்மையன அல்ல. முன்னையது நீக்கத்தக்கது. பின்னையது அவ்வாள் எவ்வாறு பற்றப்பட்டது, எவ்வளவு காலம் வழங்கியது என்பதற்கான சான்றாகும்.

மெருகிடும் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை ஐரோப்பிய ஆயுதசாலைகளில் பழைய வாள்கள் புதியவற்றைப் போலவே பேணப்பட்டன. இலண்டன் கோபுரம் போன்ற இடங்களில் உலோகம் எண்ணெயும் உராய்பொருளும் கொண்டு மீண்டும் மீண்டும் தேய்க்கப்பட்டது. பளபளப்பே நற்பராமரிப்பின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. தேய்ந்த பிடிகள் கழற்றப்பட்டுப் புதியன பொருத்தப்பட்டன. தனியார் சேகரிப்பாளரும் இவ்வழியையே பின்பற்றினர். உலர்ந்த மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுவது அவர்களின் வழக்கம். அவ்வெண்ணெய் மரத்துக்கு உணவூட்டுகிறது என்ற நம்பிக்கை இன்றும் மறைந்துவிடவில்லை. உண்மையில் அது ஒட்சிசனுடன் சேர்ந்து இறுகி, கறுத்து, எளிதிற் கரையாத படையாக மாறிவிடுகிறது. தூசியையும் பற்றிக் கொள்கிறது. ஒருமுறை ஊறிய எண்ணெயை மரத்திலிருந்து முற்றாக மீட்டெடுத்தல் இயலாது.

அகழ்வாய்வுகளிற் கிடைத்த வாள்களின் நிலை வேறாக இருந்தது. மண்ணிலிருந்து எடுத்த இரும்பு, நூதனசாலைக்கு வந்தபின்னும் தொடர்ந்து துருப்பிடித்து உதிர்ந்தது. மண்ணிலிருந்து அதனுட் புகுந்த குளோரைட்டு உப்புக்களே இதற்குக் காரணமாகும். இச்சிக்கலுக்கு இரசாயனவியல் விடை தேடியது. 1888ஆம் ஆண்டிற் பேர்லின் அரச நூதனசாலைகளில் நிறுவப்பட்ட ஆய்வுகூடத்தின் பொறுப்பை ஏற்ற பிரீட்றிக் ரத்கென், 1898இல் தொல்பொருட் பாதுகாப்புப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். இத்துறையை விஞ்ஞான அடிப்படையில் அமைத்த முன்னோடிகளுள் அவர் ஒருவர். மின்பகுப்பு முறையாலும் இரசாயனத் தாழ்த்தலாலும் துருவை நீக்கும் வழிகள் இக்காலத்தில் விருத்தியடைந்தன. டென்மார்க்கின் தேசிய நூதனசாலையைச் சேர்ந்த குஸ்தாவ் றோசன்பேர்க், இரும்புப் பொருட்களைச் செந்தழலாகக் காய்ச்சி உப்பை நீக்கும் முறையைக் கையாண்டு, 1917இல் அதனை நூல் வடிவில் வெளியிட்டார்.

இம்முறைகளால் இரும்பு பல இடங்களிற் காப்பாற்றப்பட்டது என்பதை மறுத்தல் நேர்மையாகாது. ஆயின் அவை துருவை வெறும் நோயாகவே கருதின. துருவினுள் என்ன இருந்தது என்று கேட்கப்படவில்லை. மின்பகுப்புத் தொட்டியிலிருந்து வெளிவந்த அடித்தண்டு தூய்மையாக இருந்தது. அதன்மேல் ஒட்டியிருந்த மரம் அக்கரைசலோடு போய்விட்டது.

நோர்வே நாட்டு அறிஞர் யான் பீற்றர்சன் 1919இல் வெளியிட்ட வைக்கிங் வாள்கள் பற்றிய நூல் ஈண்டு நோக்கற்பாலது. அவர் அவ்வாள்களை வகைப்படுத்தியது அலகைக் கொண்டன்று, பிடிப்பகுதியைக் கொண்டேயாகும். எனினும் அவ்வகைப்பாடு பிடியின் இரு முனைகளிலுமுள்ள உலோக உறுப்புக்களாகிய கைக்காப்பையும் குமிழையுமே ஆதாரமாகக் கொண்டது. அவ்விரண்டுக்கும் இடையே இருந்த பிடி பெரும்பாலும் அழிந்துவிட்டது. ஒரு நூற்றாண்டாக வழங்கிவரும் அவ்வகைப்பாட்டின் நடுவே, கை இருந்த இடம் வெறுமையாகவே உள்ளது.

துருவின் சாட்சியம்

இரும்பைக் கெடுக்கும் துருவே மரத்தைக் காப்பதும் உண்டு என்ற உண்மை, இருபதாம் நூற்றாண்டில் நுணுக்குக்காட்டி ஆய்வுகள் பெருகியபோது தெளிவாயிற்று. ஈரமண்ணில் இரும்பு அரிக்கப்படும்போது அதன் உப்புக்கள் அருகிலுள்ள மரத்தினுள் ஊடுருவுகின்றன. அவை மரத்தைச் சிதைக்கும் நுண்ணுயிர்களின் வேலையைத் தாமதப்படுத்துகின்றன. பின்னர் அவை மரக்கலங்களினுள்ளும் கலச்சுவர்களிலும் திண்மமாகப் படிகின்றன. காலப்போக்கில் மரம் அழிந்தாலும் அதன் வடிவம் இரும்புச் சேர்வையாக எஞ்சுகிறது. சிப்பியின் அச்சைச் சுண்ணக்கல் காத்து நிற்பது போல, மரத்தின் அச்சைத் துரு காத்து நிற்கிறது எனலாம். அலகிடும் இலத்திரன் நுணுக்குக்காட்டியால் இத்துருவை நோக்கின் கலங்களின் ஒழுங்கு புலப்படும். அதிலிருந்து அது எந்த இன மரம், நார் எத்திசையில் ஓடியது, பிடி ஒரே துண்டா இரு துண்டா என்பனவற்றைக் கூறவும் இயலும்.

இங்கிலாந்தின் அங்கிலோ-சக்சன் புதைகுழிகளிற் கிடைத்த வாள்களை இவ்வாறு ஆராய்ந்தபோது, பல பிடிகள் மரத்தாலன்றி விலங்கின் கொம்பால் ஆனவை என்பது தெரியவந்தது. வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒரே பழுப்பு நிறப் படிவாகவே தோன்றும். துருவை நீக்கியிருந்தால் இவ்வேறுபாடு ஒருபோதும் அறியப்பட்டிராது. கொம்பைப் பதப்படுத்திய கைவினைஞன் ஒருவன் வாட்கொல்லனோடு இணைந்து உழைத்தான் என்ற சமூகச் செய்தியும் அத்துருவோடு மறைந்திருக்கும்.

1939இல் சஃபோக் பகுதியிலுள்ள சட்டன் கூவிற் கண்டெடுக்கப்பட்ட, ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த கப்பற்புதைகுழியின் வாள் மற்றோர் எடுத்துக்காட்டாகும். அதன் அலகு உறையோடு ஒன்றாகத் துருப்பிடித்துவிட்டது. அதனைப் பலவந்தமாகப் பிரித்தெடுக்காது ஊடுகதிர்ப் படத்தின் வாயிலாகவே அலகின் உள்ளமைப்பை அறிந்தனர். பிடி அழிந்துவிட்டது, அதனை அணிசெய்த இரு பொற்பட்டிகள் மட்டும் எஞ்சின. ஆயினும் பொன்னும் செம்மணியும் பதித்த குமிழின் ஒருபுறத் தேய்மானத்தை நுணுகி ஆராய்ந்த பிரித்தானிய நூதனசாலையின் சூ பிரன்னிங், அவ்வாளுக்குரியவர் இடக்கைப் பழக்கமுடையவராக இருந்திருக்கலாம் எனக் கருத்து வெளியிட்டார். பெயர் உறுதியாகத் தெரியாத ஒருவரின் உடற்பழக்கத்தைப் பதினான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் ஊகிக்க இடமளித்தது அத்தேய்மானமே. யாரேனும் ஒருவர் அதனைச் சமன்செய்து மெருகிட்டிருப்பின் அழகிய பொன் எஞ்சியிருக்கும், மனிதன் மறைந்திருப்பான்.

கடலடியில் எதிர்மாறான நிலை

நிலத்தில் இரும்பு எஞ்ச மரம் அழிவது போலக் கடலடிச் சேற்றில் மரம் எஞ்ச இரும்பு அழிவதுண்டு. 1545ஆம் ஆண்டு யூலை 19ஆம் நாள் போட்ஸ்மத் துறைமுகத்துக்கு அருகே மூழ்கிய மேரி றோஸ் என்ற போர்க்கப்பல் 1982 ஒக்டோபர் 11ஆம் நாள் வெளியே எடுக்கப்பட்டது. அக்கப்பலிற் கிடைத்த குத்துவாள்களுட் பலவற்றில் இரும்பலகு முற்றாகக் கரைந்து போக, மரத்தாலான பிடி மட்டும் செதுக்கிய கூர்மையோடு எஞ்சியிருந்தது. சாதாரண மாலுமியும் படைவீரனும் ஏந்திய ஆயுதத்தின் பிடியை இத்தனை தெளிவாக வேறெங்கும் காண்பது அரிது.

இத்தகைய மரத்தைத் துப்புரவு செய்தல் வேறொரு கலையாகும். நீரூறிய மரம் உலர்ந்தாற் சுருங்கிச் சிதையும். எனவே கலங்களிலுள்ள நீருக்குப் பதிலாகப் பொலிஎதிலீன் கிளைக்கோல் என்ற மெழுகு போன்ற பொருளைச் சிறிது சிறிதாகச் செலுத்துகின்றனர். 1961இல் எடுக்கப்பட்ட சுவீடனின் வாசா கப்பலும் இம்முறையாலேயே பாதுகாக்கப்பட்டது. ஆயின் 2000ஆம் ஆண்டளவில் அக்கப்பலின் மரத்திற் கந்தகவமிலம் தோன்றுவது கண்டறியப்பட்டது. சேற்றிலிருந்து மரத்துட் புகுந்த கந்தகம் ஒட்சியேற்றப்படுவதை, துருப்பிடித்த ஆணிகளின் இரும்பு விரைவுபடுத்தியிருந்தது. ஓரிடத்தில் மரத்தைக் காத்த இரும்பே மற்றோரிடத்தில் அதனை அரிக்கிறது. ஆகவே எல்லாப் பிடிகளுக்கும் பொருந்தும் ஒரே மருந்து இல்லை என்பது இதனாற் பெறப்படும்.

யப்பானியரின் நெறி

பிடியைப் பிரித்துத் துப்புரவு செய்தல் என்ற எண்ணம் ஐரோப்பாவில் ஆய்வுகூடங்களோடு வளர்ந்தது. யப்பானில் அது வாளின் அமைப்பிலேயே இடம்பெற்றிருந்தது. யப்பானிய வாட்பிடி ‘ஹோ’ எனப்படும் மக்னோலியா இன மரத்தாலானது. இம்மரம் மென்மையானது, பிசின் குறைந்தது, எஃகுக்குத் தீங்கு செய்யாதது. அது இரு பாதிகளாகக் குடையப்பட்டு, சோற்றைப் பிசைந்து செய்த பசையால் ஒட்டப்படும். மேலே திருக்கைமீன் தோல் போர்த்திப் பட்டுநாடாவாற் சுற்றுவர். இத்தோல் தென்கிழக்காசியக் கடற்பகுதிகளிலிருந்து வணிகர் வாயிலாக வந்தது. பிடியும் அடித்தண்டும் ஒரு சிறு மூங்கில் ஆணியினாலேயே இணைக்கப்பட்டிருக்கும். அவ்வாணியைத் தட்டி எடுத்தாற் பிடி கழன்றுவிடும்.

சோற்றுப்பசை வலுக்குறைந்தது. அக்குறையே அதன் சிறப்பாகும். பிடியிலும் உறையிலும் பழுது நேரின் மரம் உடையாமலே பாதிகளைப் பிரித்து, உட்புறத்தைத் துப்புரவு செய்து, மீண்டும் ஒட்டிவிடலாம். அழிக்காமற் பிரிக்கக்கூடிய இணைப்பே சிறந்த இணைப்பு என்ற கொள்கையை மேலைநாட்டார் இருபதாம் நூற்றாண்டில் வகுத்துரைக்கு முன்னரே யப்பானியக் கைவினைஞர் நடைமுறையிற் கொண்டிருந்தனர்.

மேலும், பிடியினுள் மறைந்திருக்கும் அடித்தண்டின் துருவை அவர்கள் நீக்குவதில்லை. அலகை எத்தனை முறை தீட்டினாலும் அடித்தண்டைத் தீட்டுதல் பெருங்குற்றமாகக் கருதப்படுகிறது. கொல்லனின் பெயர் பெரும்பாலும் அங்கேயே பொறிக்கப்பட்டிருக்கும். துருவின் நிறமும் ஆழமும் வாளின் வயதை மதிப்பிட உதவும். எனினும் யப்பானிய மரபு முழுவதும் குறையற்றதெனக் கொள்ளலாகாது. அங்கு அலகே நிலையானதாகவும் பிடி தேயத் தேய மாற்றத்தக்கதாகவும் கருதப்பட்டமையால், பழைய அலகுகள் எஞ்சிய அளவுக்குப் பழைய பிடிகள் எஞ்சவில்லை. 1876இல் பொதுவிடங்களில் வாள் தரித்தலைத் தடைசெய்யும் ஆணை பிறந்தபின் அக்கைவினைகளும் நலிவுற்றன. 1950இல் இயற்றப்பட்ட பண்பாட்டுச் சொத்துக்கள் பாதுகாப்புச் சட்டம் அவற்றுக்கு ஓரளவு புத்துயிர் அளித்தது.

இன்றைய நடைமுறை

மேற்கூறிய அனுபவங்களிலிருந்து சில நெறிகள் உருவாகியுள்ளன. இத்தாலிய அறிஞர் செசாரே பிரான்டி 1963இல் வெளியிட்ட தம் நூலில், புதிதாகச் சேர்க்கப்படும் பகுதி அருகில் நின்று நோக்குவோருக்கு வேறாகத் தெரிய வேண்டும் என்றும், பிற்காலத்தார் செய்யவிருக்கும் வேலைக்கு அது தடையாகலாகாது என்றும் வற்புறுத்தினார். வாட்பிடிக்கு இந்நெறி பொருந்துமாற்றைச் சுருக்கமாக நோக்கலாம்.

முதலிற் செய்யப்படுவது துப்புரவன்று, பதிவாகும். பிடி எல்லாப் பக்கங்களிலும் படமெடுக்கப்படும். ஊடுகதிரால் அடித்தண்டின் நிலையும் ஆணிகளின் இடமும் அறியப்படும். பின்னர் மென்மையான தூரிகையாற் தூசி அகற்றப்படும். எஞ்சிய படிவை நீக்குவதற்கு முன் கண்ணிற் படாத ஒரு சிறு புள்ளியிற் பஞ்சு சுற்றிய குச்சியாற் சோதனை செய்வர். சிறிதளவு தூயநீர் சில வேளைகளிற் போதும். சில வேளைகளிற் கரைப்பான்கள் வேண்டும். நொதியம் கலந்த உமிழ்நீர் நல்ல துப்புரவுப் பொருளென்பதும் பாதுகாப்பாளர் நெடுநாளாக அறிந்ததே. மரத்தை நீரில் தோய்த்தலும், உராய்தாளால் தேய்த்தலும் விலக்கப்படுகின்றன. உராய்தாள் ஒரு நிமிடத்தில் நீக்குவது, கை இருநூறு ஆண்டுகளில் வனைந்த மேற்பரப்பையாகும்.

வெடிப்பை ஒட்டுவதற்கு விலங்குப் பசையையோ, அசற்றோனிற் கரையக்கூடிய அக்கிரிலிக்குப் பிசினையோ பயன்படுத்துவர். எபொக்சிப் பசை வலியதாயினும் மீளப் பிரிக்க இயலாததாதலின் பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. இறுதியில் மெல்லிய மெழுகுப் படை பூசப்படலாம். 1950களிற் பிரித்தானிய நூதனசாலையின் ஆய்வுகூடத்தில் உருவாக்கப்பட்ட நுண்பளிங்கு மெழுகு இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. அது அமிலத்தன்மையற்றது; வேண்டுமிடத்து நீக்கவும் கூடியது. இவற்றையெல்லாம்விட முக்கியமானது சாரீரப்பதனை நிலையாக வைத்திருத்தலாகும். ஈரம் ஏறி இறங்காத அறையில் வைக்கப்பட்ட பிடிக்கு வைத்தியம் அரிதாகவே தேவைப்படும்.

இலங்கையின் கஸ்தானை

இவ்வினாக்கள் இலங்கைக்கு அயலானவை அல்ல. கஸ்தானை எனப்படும் சிறு வாள் இந்நாட்டுக் கைவினையின் சிறந்த படைப்புக்களுள் ஒன்றாகும். சிங்கமுகத்தில் முடியும் பிடியும், யாளி முகங்களாக வளையும் கைக்காப்பும் அதன் அடையாளங்களாம். அப்பிடிகள் மரம், கொம்பு, தந்தம் என்பவற்றாற் செதுக்கப்பட்டும், பொன் வெள்ளித் தகடுகளால் மூடப்பட்டும் காணப்படுகின்றன. ஐரோப்பாவில் அடிக்கப்பட்ட அலகுகள் உள்ளூர்ப் பிடிகளோடு இணைக்கப்பட்டமையும் உண்டு. அத்தகைய வாளில் அலகு வணிகத்தின் வரலாற்றைக் கூறும். பிடியே இந்நாட்டின் வரலாற்றைக் கூறும். கண்டி அரசில் ‘பட்டல் ஹத்தர’ எனப்பட்ட நான்கு அரச கைவினைக்கூடங்கள் இயங்கியமையை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் விரிவாகக் காட்டியுள்ளார்.

1765இல் ஒல்லாந்தத் தேசாதிபதி லுபேட் யான் வான் எக்கின் படை கண்டியைக் கைப்பற்றியது. நாயக்கர் மரபினனாகிய கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் தலைநகரை விட்டு அகல, அரண்மனைப் பொருட்கள் கொள்ளையிடப்பட்டன. அப்பொருட்களுட் சில ஆம்ஸ்டர்டாம் நகரிலுள்ள ரைக்ஸ் நூதனசாலையை அடைந்தன. அவற்றின் தோற்றம் பற்றிய ஆய்வின் பின், பொற்கஸ்தானை ஒன்றும் வெள்ளிக்கஸ்தானை ஒன்றும் உட்பட ஆறு பொருட்களை மீள அளிக்க நெதர்லாந்து அரசு 2023 யூலையில் முடிவு செய்தது. அவ்வாண்டின் இறுதியில் அவை கொழும்பை வந்தடைந்தன.

இத்தகைய மீட்சியிற் பொருளே சாட்சியாக நிற்கிறது. எழுத்தாவணங்கள் அதற்குத் துணைசெய்யும். ஆயின் பொருளின் உடலிலுள்ள வேலைப்பாடு, தேய்வு, பழைய திருத்தத்தின் தடயம் என்பன ஆவணத்தோடு ஒத்துப்பார்க்கப்படும்போதே முடிவு வலுப்பெறும். வாளொன்று யாருடையது என்ற வினா நாடுகளுக்கிடையிலான வினாவாகிவிட்ட இக்காலத்தில், பிடியைத் தேய்த்து மெருகிடுதல் சாட்சியின் நாவை அறுத்தலை ஒக்கும்.

அரும்பொருளாக நூதனசாலையை அடைந்த வாள்கள் ஓரளவு காவலுடையன. பிரபுக்களின் வழியிலும், ஆங்கிலேயர் ஆட்சியில் முதலியார் பதவி வகித்தோரின் வழியிலும் வீடுகளில் எஞ்சியவற்றின் நிலை அத்தகையதன்று. பித்தளைப் பாத்திரத்தைப் போல அவற்றைப் புளியிட்டுத் துலக்கினால், அமிலமும் நீரும் தகட்டின் அடியிற் புகுந்து மரத்தை அழுகச் செய்யும். உள்ளேயுள்ள அடித்தண்டைத் துருப்பிடிக்கச் செய்யும். வெளியே பளபளப்பும் உள்ளே சிதைவுமாக அவ்வாள் அடுத்த தலைமுறையைச் சேரும். இந்நாட்டின் ஈரமிகுந்த காலநிலையும் பங்கசும் கறையானும் இச்சிதைவை விரைவுபடுத்தும். உலர்ந்த துணியால் தூசியைத் துடைத்து, காற்றோட்டமுள்ள இடத்தில், தோலுறையிலிருந்து நீக்கி வைத்தல் என்ற எளிய முறை, செலவுமிக்க மெருகைவிட மேலானது. தோல் ஈரத்தைப் பற்றி வைத்துக்கொள்ளும் என்பதே இதற்குக் காரணம்.

இதற்கு மறுப்புக் கூறுவோரும் உளர். வாள் பெருமைக்குரிய பொருள். அழுக்கோடும் வெடிப்போடும் அதனைக் காட்சிக்கு வைத்தல் அப்பெருமைக்கு இழுக்கு என்பர். இக்கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. செய்தவனின் கைத்திறன் புலப்பட வேண்டுமாயின் அதனை மறைக்கும் படிவு நீங்கத்தான் வேண்டும். ஆயின் செய்தவனுக்குரிய உரிமை ஏந்தியவனுக்கும் உண்டு. முன்னவன் செதுக்கிய சிங்கமுகமும் பின்னவன் பெருவிரல் தேய்த்த பள்ளமும் ஒரே மரத்தில் உள்ளன. ஒன்றைக் காட்டுவதற்காக மற்றொன்றை அழித்தல் பாதுகாப்பு ஆகாது.

ஆகவே பழைய வாட்பிடியைச் செப்பனிடுவோன் ஒவ்வொரு முறையும் ஒரு வரலாற்றுத் தீர்ப்பை வழங்குகிறான். எதனை நீக்குவது, எதனை விடுவது என்ற அவனது முடிவே பின்வரும் ஆய்வாளன் எதனை அறியலாம் என்பதை வரையறுக்கிறது. பேர்லினிலும் கொப்பன்கேகனிலும் துருவை நீக்கியோர் தீயோர் அல்லர். தம் காலத்து அறிவின் உச்சத்தில் நின்றே அவ்வாறு செய்தனர். துருவினுள் மரம் எழுதப்பட்டிருப்பதைப் படிக்கும் கருவி அவர்களிடம் பரவலாக இருக்கவில்லை. இன்று படிக்க முடியாத வேறு எழுத்துக்கள் இன்றைய அழுக்கினுள்ளும் இருத்தல் கூடும். அவற்றைப் படிக்கப்போகும் தலைமுறைக்கு ஒரு பகுதியையேனும் தொடாமல் விட்டுவைத்தலே, செப்பனிடுவோன் வரலாற்றுக்குச் செலுத்த வேண்டிய கடனாகும்.